ஹார்லனின் முதல் அடி

ஹார்லன் நாற்காலியைப் பிடித்திருந்த கையை விட்டான்.

ஓர் அடி. இன்னோர் அடி. மூன்றாவதில் தடுமாறி, குழந்தைகள் காப்பகத்தில் அவனைப் பார்த்துக்கொள்ளும் ட்வைலாவின் மடியில் வந்து விழுந்தான்.

“அட என் ராசா!”

அவள் போட்ட கூச்சலில், தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகள் விழித்து அழுதன.

பக்கத்து அறையின் பாதிக்கதவுக்கு மேலே ஷெல்பியின் தலை தெரிந்தது. அவள் ஹார்லனின் அம்மா. அதே காப்பகத்தில், மூன்று வயதுப் பிள்ளைகளின் அறையில் வேலை.

“என்னக்கா, கூரை இடிஞ்சு விழுந்துடுச்சா?”

“ஆப்பிள் கூழைக் கொட்டிட்டேன்டி. நீ போய் உன் வானரங்களைப் பாரு.”

தலை மறைந்தது. தரையில் ஒரு சொட்டுக் கூழும் இல்லை.

அந்த ஊரில் காப்பகத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு அரசே கட்டணம் கட்டிவிடும். ஒரே நிபந்தனை, தாய் தன் பிள்ளை இருக்கும் அறையில் வேலை பார்க்கக் கூடாது.

ஷெல்பி அந்த உதவியே வேண்டாம், வேலையை விட்டுவிடுகிறேன் என்றுதான் முதலில் அடம்பிடித்தாள். “நான் இங்க ஊரான் பிள்ளைக்கு மூக்கைத் துடைச்சுட்டு இருப்பேன். என் பிள்ளை அங்க முதல் அடி எடுத்து வைப்பான். எனக்கு அது தேவையா?”

வேலையை விட்டால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வாய் என்று கேட்டுக் கேட்டு, அவளை விண்ணப்பிக்க வைத்தவள் ட்வைலா. இப்போது அந்த மூன்று அடிகளும் அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தன.

காப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் அடியைப் பார்த்தாலும் பெற்றோரிடம் சொல்ல மாட்டார்கள். “இன்னைக்கோ நாளைக்கோ நடந்துடுவான் போலிருக்கு” என்று மட்டும் சொல்லி அனுப்புவார்கள். அன்று மாலை வீட்டில் எடுத்து வைப்பதுதான் முதல் அடி.

ஷெல்பியிடம் அது செல்லாது. போன வருடம் வரை இதே அறையில் நின்று அந்தப் பொய்யைச் சொன்னவள் அவள்.

எனவே மாலையில் ட்வைலா வேறு பொய்யைத் தயார் செய்தாள். முகத்தை நன்றாகச் சுளித்துக்கொண்டாள்.

“உன் மகன் சரியான சோம்பேறிடி. பிடிச்ச நாற்காலியை விட மாட்டேங்கிறான். நடக்க இன்னும் ஒரு மாசம் ஆகும்.”

“வீட்லயும் அதே கதைதான்கா. தவழுறதோட சரி,” என்றாள் ஷெல்பி. “எப்ப நடந்தாலும் உங்க கையிலதான் முதல்ல நடப்பான், பாருங்க. பகல் முழுக்க இவனைத் தூக்கிச் சுமக்கிறது நீங்கதானே.”

பையிலிருந்து சின்னச் சப்பாத்துகளை எடுத்து நீட்டினாள். ட்வைலா ஒன்றை வாங்கி, மாட்டிவிடக் குனிந்தாள்.

தவழும் பிள்ளைகளின் சப்பாத்து மேலே, விரல் பக்கம்தான் தேயும். அடிப்பாகம் கடையில் வாங்கியபடியே இருக்கும்.

இதன் மேற்பக்கம் பளபளத்தது. தேய்ந்திருந்தது குதிகால். அடியில், வரிகளுக்கிடையே, காய்ந்த புல்லும் மண்ணும் அப்பியிருந்தன.

ட்வைலா நிமிர்ந்து பார்த்தாள். ஷெல்பி மிகக் கவனமாகக் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ட்வைலா நாடாவை இழுத்துக் கட்டினாள்.

ஹார்லன் தரையைக் காட்டிக் காட்டி, அம்மாவின் இடுப்பிலிருந்து கீழே இறங்கத் துள்ளினான்.

இருவருமே அவனை இறக்கிவிடவில்லை.