வாசகர்கள் மூன்று பேர் தேவை

அழைப்பு மணி அடித்ததும் விஹ்ரா ஓடிப்போய்க் கதவைத் திறக்கவில்லை. எழுத்தாளர் என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டாமா? பத்து வரை எண்ணிவிட்டுத்தான் திறந்தாள்.

வாசலில் மூன்று பேர் நின்றார்கள். இரண்டாம் மாடி ஸ்லாத்கா, அவள் கணவர் ஸ்தாமென், ஐந்தாம் மாடி கீனா. ஸ்லாத்கா கையில் இரண்டு வெள்ளைக் கார்னேஷன் பூக்கள், கீனா கையில் இரண்டு.

பசர்ஜிக் நகரத்தின் இந்த அடுக்குமாடிக்கு விஹ்ரா குடிவந்து எட்டு மாதமாகிறது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். இவர்கள் பெயரே தபால் பெட்டிகளைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும். அவளுடைய பெட்டியிலோ இன்னும் பழைய குடித்தனக்காரரின் பெயர்தான் இருந்தது. அப்படிப்பட்டவர்கள் பூவோடு வந்து நின்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாம் பதிப்பகத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தின் வேலை. ‘முன்பின் தெரியாத மூன்று பேர் உங்கள் நாவலைக் கடைசிப் பக்கம்வரை படித்துக் கருத்து எழுதித் தரட்டும். மாதக் கடைசிக்குள் கிடைத்தால் மேற்கொண்டு யோசிக்கிறோம்’ என்று எழுதியிருந்தார்கள்.

விஹ்ரா கேட்காத ஆள் இல்லை. ரயில் நிலையத்தில் அவளோடு டிக்கெட் கொடுத்தவர்கள் பிரதியை வாங்கிக்கொண்டு, பிறகு அவளைக் கண்டாலே தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இணையத்தில் ஐந்து குழுக்களில் கேட்டாள். யாரோ ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதோடு சரி.

கடைசியில் நகல் கடைக்குப் போய் ஒரு தாள் அச்சடித்தாள். “படம் போடுங்கம்மா, அப்பதான் நின்னு பாப்பாங்க” என்றான் கடைக்காரன். அவளிடம் இருந்த நல்ல படம் ஒன்றே ஒன்றுதான். இருபத்தெட்டு வயதில் கடற்கரையில் சிரித்துக்கொண்டு நின்றது. அதற்கப்புறம் முப்பது வருஷமாக அவளைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

கலர் மை தீர்ந்துபோயிருந்ததால் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. அதன் கீழே பெரிதாகப் பெயர், பொடி எழுத்தில் நாவல் சமாசாரம், மறுபடி பெரிதாக, ‘ஞாயிறு மாலை நான்கு மணி, மூன்றாம் மாடி, எண் பதினேழு.’ கீழ்வாசல் கதவில் ஏற்கெனவே இருந்த இரண்டு தாள்களுக்கு நடுவில் இடம் பார்த்து ஒட்டினாள்.

“வாங்க, வாங்க. யாரும் வரமாட்டீங்களோன்னு நெனச்சேன்.”

ஸ்லாத்கா அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். “எப்படிக்கா வராம இருப்போம்? ஒரே படிக்கட்டுல ஏறி இறங்குறோம். உங்களத் தனியா விட்டுட்டா நாங்க மனுசங்களா?”

இப்படி ஒரு வார்த்தை கேட்டு எத்தனை வருஷமாயிற்று! விஹ்ரா பூக்களை ஜாடியில் செருகிவிட்டு, காலையில் சுட்ட பாலாடைக்கட்டி பானிட்சாவை எடுத்து வைத்தாள். ஸ்தாமென் மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டினார்.

“கைப்பக்குவம் அருமைங்க.”

“எங்க வந்திருக்கோம், என்ன பேசுறீங்க!” என்று ஸ்லாத்கா அவர் தொடையில் கிள்ளினாள்.

இதுதான் சமயமென்று விஹ்ரா மூன்று காகிதக் கட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

“ஏழு வருஷ உழைப்பு. பொறுமையா படிங்க. மனசுல பட்டத நாலு வரி எழுதிக் குடுங்க, போதும்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்தாமென் ஒரு கட்டைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

“நானூறு பக்கம் இருக்கும் போலயே! நான் கடைசியா முழுசா படிச்சது வாஷிங் மெஷினோட வந்த புஸ்தகம்தான்மா. அதுவும் தண்ணி ஒழுகுனதால.”

“எனக்குக் கண்ணு செரியில்ல” என்றாள் கீனா.

ஸ்லாத்கா மட்டும் மரியாதையாகத் தன் கட்டை மேஜை நடுவுக்கு நகர்த்தினாள். “இதெல்லாம் பெறகு பாத்துக்கலாம்கா. மொதல்ல நீங்க வேளைக்குச் சாப்பிடுங்க.”

எழுந்துவிட்டார்கள். பூ வாங்கி வந்தவர்களே படிக்க மாட்டார்கள் என்றால் இனி வேறு யாரிடம் போய்க் கேட்பது?

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஸ்லாத்கா குரலைத் தாழ்த்தினாள். “கதவுல அந்தப் படத்தப் பாத்ததும் நெஞ்சு பகீர்னுச்சுக்கா. என்ன சிரிப்பு, என்ன களை! இப்படி ஒரு பொண்ணு உங்களுக்கு இருந்ததே எங்களுக்குத் தெரியாமப் போச்சே. ஒரே மகளா?”

விஹ்ரா திரும்பி ஜாடியைப் பார்த்தாள். நான்கு பூக்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு இந்த ஊரில் யாரும் இரட்டைப்படையில் பூ கொடுப்பதில்லை.

வாசற்கதவில் படத்தோடு தாள் ஒட்டினால் அது சாவுச் செய்தி. படத்தையும் பெயரையும் நேரத்தையும் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டிப் போவார்களே தவிர, நடுவில் இருக்கும் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? அவளும் இத்தனை வருஷம் அப்படித்தானே போய்வந்திருக்கிறாள்.

‘ஐயோ, அது நான்தான்’ என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் சிரிப்பார்கள், மன்னிப்புக் கேட்பார்கள், படியிறங்கிப் போய்விடுவார்கள். அப்புறம் இந்த வீட்டு மணியை யாரும் தொடப்போவதில்லை. கட்டுகள் மேஜையிலேயே கிடந்தன.

நாவல் எழுதுகிறாளே தவிர விஹ்ராவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. இருந்தும் உள்ளே போய் மூன்று கட்டுகளையும் எடுத்துவந்தாள். ஸ்லாத்காவின் கையில் வைத்தபோது குரல் தானாகவே உடைந்தது.

“ஆமா, ஒரே மக. சாகறதுக்கு முன்னாடி இத எழுதி முடிச்சா.”