வெள்ளம் வடிந்தது, மணம் வடியவில்லை

அம்ஜத் சுவரில் மூக்கை அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பார்ப்பவர்கள் சுவருக்கு முத்தம் கொடுக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மக்பூல் காக்காவும் அப்படித்தான் நினைத்தார்.

"என்ன தம்பி, மனிசி வீட்டிலை இல்லாட்டி உப்பிடியோ?"

"மணம் பாக்கிறன் காக்கா." அம்ஜத்தின் காது சிவந்தது.

கார்த்திகை வெள்ளம் சோனகதெருவில் இடுப்பளவு ஏறி, சேற்றை விட்டுவிட்டு இறங்கியிருந்தது. சேற்றை அள்ளிக் கொட்டியாயிற்று. ஆனால் வீட்டுக்குள் ஒரு நாற்றம் மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது.

மனைவி றிஹானா கைக்குழந்தையோடு பெரியம்மா வீட்டு மேல்மாடியில் இருந்தாள். பேறு பார்க்கப் புத்தளத்திலிருந்து வந்திருந்த அவளுடைய உம்மா அஸீஸா வெள்ளிக்கிழமை ஊருக்குத் திரும்புகிறார். "அதுக்கிடையிலை மணம் போகாட்டி நானும் பிள்ளையும் உம்மாவோடை புத்தளம் போறம்" என்று றிஹானா சொல்லிவிட்டாள். போனால் எப்போது வருவாள் என்று சொல்லவில்லை. அம்ஜத்துக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

அவன் எதையும் முறைப்படி செய்கிறவன். முறைப்படி செய்தும் சரிவராவிட்டால், பிழை தன்னில்தான் என்று உடனே நம்பிவிடுகிறவன். வெறுங்காலோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே, கடற்றொழிலுக்குப் போகும் கூட்டாளி ஜெறோமிடம் முழங்கால்வரை ஏறும் இறப்பர்ச் சப்பாத்தை இரவல் வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினான்.

முதலில் கூரை, பிறகு சுவர், கடைசியாகத் தரை. குளோரின் தெளித்தான், சுண்ணாம்பு பூசினான், டெற்றோல் ஊற்றினான், சாம்பிராணி போட்டான். இப்போது வீடு ஆசுபத்திரிபோலவும் தர்கா போலவும் மணத்தது. அவற்றுக்கு மேலால் அந்த நாற்றமும் மணத்தது.

வியாழக்கிழமை காலை, வெண்கட்டியால் தரையைக் கட்டங்களாகப் பிரித்தான். ஒவ்வொரு கட்டத்திலும் நின்று மோந்து, கடும், நடு, லேசு என்று எழுதினான். விறாந்தை கடும். குசினி கடும். படுக்கையறையின் நாலு மூலையும் கடும். ஒரு நாற்றம் இவ்வளவு நீதியாகத் தன்னைப் பங்கிட்டுக்கொள்ளுமா? மூக்கில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டினான்.

"காக்கா, உங்கடை மூக்கை ஒருக்கா இரவல் தாங்கோ."

மக்பூல் காக்கா முன்னால் நடக்க, அம்ஜத் கட்டம் கட்டமாகப் பின்னால் போனான்.

"ஓம் தம்பி, நல்லா மணக்குது. எலி கிலி செத்துக் கிடக்கும்."

"எந்த இடத்திலை காக்கா?"

"எல்லா இடத்திலையும்."

கூரை ஓடுகளைக் கழற்றிப் பார்த்தான். அலுமாரியை இழுத்துப் பார்த்தான். அவனுக்கு உதவி செய்ய ஒரு எலிகூடச் செத்திருக்கவில்லை.

பகல் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனான். வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்து, கால் கழுவி உள்ளே போனவன் மூக்கை விரித்தான். வீட்டைவிடக் கூடுதலாகத் தண்ணீர் நின்ற இடம் அது. ஆனால் மருந்துக்கும் நாற்றம் இல்லை.

தொழுகை முடிந்ததும் பள்ளியைக் கூட்டுகிறவரைப் பிடித்துக்கொண்டான். "என்னத்தாலை கழுவினனீங்கள்?"

"என்னத்தாலை கழுவுறது? சவுக்காரத்தூள்தான்."

அல்லாஹ்வின் வீட்டுக்குப் போதுமானது அம்ஜத்தின் வீட்டுக்குப் போதாதா? டெற்றோலை நம்பிய தன் புத்தியை நொந்துகொண்டு, வரும் வழியில் சவுக்காரத்தூளை வாங்கினான். இருட்டும்வரை கழுவினான். விடிந்ததும் மறுபடியும் கழுவினான்.

வெள்ளி காலை ஓட்டோ வந்து நின்றபோது தரை இன்னும் காயவில்லை. அம்ஜத் சப்பாத்தும் தரை தேய்க்கும் தும்புத்தடியுமாக வாசலில் நின்று அவர்களை உள்ளே கூட்டிப்போனான். புத்தளத்துக்குப் போகும் பைகள் இறக்கப்படாமல் ஓட்டோவிலேயே இருந்தன.

மாமி முக்காட்டின் நுனியை மூக்கில் வைத்துக்கொண்டார். "மருமகன், நீங்கள் பாடுபட்டிருக்கிறியள், குறை சொல்லேலாது. ஆனா இதுக்கை பச்சைப்பிள்ளையை எப்பிடி வளத்திறது?"

றிஹானா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்க்க மாட்டாமல், "ஓட்டோக்காரனைத் திருப்பி நிப்பாட்டச் சொல்லுறன்" என்று அம்ஜத் வாசல் படலைக்கு வந்துவிட்டான்.

ஓட்டோ திரும்புவதற்குள் உள்ளேயிருந்து றிஹானாவின் சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ! மணம் போயிட்டுது!"

அல்ஹம்துலில்லாஹ், சவுக்காரம் ஊறிப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்திருக்கிறது! அம்ஜத் ஓடிப்போய் நடு விறாந்தையில் மாப்பிள்ளைபோல் சிரித்துக்கொண்டு நின்றான்.

குழந்தை முகத்தைச் சுளித்து வீரிட்டது. மாமியின் முக்காடு மறுபடி மூக்குக்கு ஏறியது. "திரும்ப வந்திட்டுது, யா அல்லாஹ்!"

றிஹானா புருசனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஒருக்கா வெளியிலை போங்கோ."

போனான்.

"இப்ப வாங்கோ."

வந்தான். இந்த வயதிலும் பரீட்சையில் தவறிய பிள்ளைபோல் நின்றான். அவள் பார்வை அவன் தலையிலிருந்து மெல்ல இறங்கி, முழங்காலுக்குக் கீழே போய் நின்றது.

"உம்மா, நாங்கள் இஞ்சையே நிக்கிறம். உந்தச் சப்பாத்து புத்தளம் போகட்டும்!"