சூடு ஆறாத இன்ஜின்

"கண்டக்டர்! உங்க டிரைவருக்கு வண்டி ஓட்டத் தெரியலைன்னா மாடு மேய்க்கப் போகச் சொல்லு!"

காசி போட்ட சத்தம் டிரைவர் ராஜமாணிக்கம் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனாலும் காசி நேராகப் பேச மாட்டார். முன்பு ஒரு வருஷம் அவருடைய மல்லாட்டைக் கடலை மூட்டைகளைக் கொட்டுகிற மழையில் நடுவழியில் இறக்கிவிட்டவன் அவன். அன்றோடு பேச்சு அறுந்தது.

கடைசி பஸ் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் நின்றுகொண்டிருந்தது. இந்த வாரம் பூரா இதே கூத்து. புதிதாகத் திறந்த பல்கலைக்கழகக் கிளைக்கு எதிரே வந்தால் போதும், இன்ஜின் படுத்துவிடும்.

"அப்பா! திருவண்ணாமலைக்கே யுனிவர்சிட்டி வந்துடுச்சு! எம்.ஏ. படிக்க மெட்ராஸ் போக வேணாம்!" என்று மகள் வேதா குதித்தபோது காசிக்கும் தலைகால் புரியவில்லை. தான் வியாபாரம் பண்ணுகிற மண்டி முழுக்க மிட்டாய் கொடுத்தார். மகளுக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார்.

"கிளாஸ் முடிஞ்சதும் நான் வர்ற கடைசி பஸ்ல ஏறிடணும். ஒருநாள் வுட்டாலும் படிப்பு நிறுத்தம்."

வேதா ஒருநாளும் விடவில்லை.

"என் பொண்ணு நேரந்தவறாம வந்து ஏறுது. இவனுக்குத்தான் நேரம் தெரியல!" என்றார் பக்கத்து சீட்டு வேடியப்பனிடம். "நாளைக்கே முதலாளிகிட்ட சொல்லி இவனை வேற ரூட்டுக்குத் தூக்கலைன்னா என் பேரு காசி இல்ல!"

விருட்டென்று இறங்கி வண்டியின் முன்னால் போனார்.

ராஜமாணிக்கம் பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு பீடி குடித்துக்கொண்டிருந்தான். கண் மட்டும் எதிரே, விளக்கெரிந்த வகுப்பு ஜன்னலில்.

கோபத்தில் காசி பழைய பகையை மறந்தார். "யோவ், இன்ஜின் இங்க இருக்கு. அங்க என்ன பார்வை?"

"மெட்ராஸ்லேர்ந்து வர்ற வாத்தியார் பஸ்ஸு தினமும் லேட்டு. கிளாஸும் லேட்டாத்தான் முடியுது."

"அதுக்கு?"

"நம்ம ரூட்ல அஞ்சு பொண்ணுங்க படிக்குதுங்க. கடைசி பஸ்ஸ வுட்டா எல்லா வீட்லயும் படிப்பு நிறுத்தமாம். உன் பொண்ணு மொத நாளே என்கிட்ட அழுதுச்சு."

காசியும் அந்த ஜன்னலைப் பார்த்தார்.

"இதை ஜனங்ககிட்ட சொல்லித் தொலைக்கறதுதானே?"

"சொன்னா அந்தப் பொண்ணுங்களத் திட்டுவாங்க. இன்ஜினைத் திட்டினா அதுக்குக் காது கேக்காது. எனக்கும்தான்."

"மூட்டை விஷயத்த நான் மறக்கல, தெரியுமில்ல?"

"மறக்காதய்யா. யாரு கேட்டா?"

காசி மறுபடி பஸ் ஏறினார்.

"என்னய்யா ஆச்சு?" எகிறினான் வேடியப்பன். "நாளைக்கி நானும் வரேன், முதலாளிகிட்ட ரெண்டுல ஒண்ணு கேட்டுடலாம்!"

"உக்காருய்யா!" அதட்டினார் காசி. "என் கண்ணால பார்த்துட்டு வரேன். தொட்டா கை வெந்துடும், இன்ஜின் அவ்வளவு சூடு. ஆறட்டும்!"