சம்பாப் பாத்தி

“எனக்கு இன்னொரு சம்பா வேணும் சார்.”

ஆய்வு வழிகாட்டியிடம் கூடுதல் பருவம் மட்டும் கேட்டுவிடாதே என்று சீனியர்கள் சொல்லித்தான் அனுப்பினார்கள். கேட்டுவிட்டேன்.

கல்லூரிப் பண்ணையில் எல்லோரும் நெல்லை வளர்த்தார்கள். எந்தப் பருவத்தில் அதிகம் வளர்கிறது என்று ஒப்பிட, நான் களைநெல்லை வளர்த்தேன். என் பாத்தியருகே நின்று யாரும் பேசியதில்லை. நவரை, குறுவை இரண்டு பருவமும் அளந்தாயிற்று. சம்பாவை அளக்குமுன், பெரிய அதிகாரி வருகிறார், வயலைச் சுத்தம் பண்ணுங்கள் என்று சார் ஆள் விட்டார். என் களைநெல்லையும் வேரோடு பிடுங்கிவிட்டார்கள்.

“களைன்னா பிடுங்கத்தானேம்மா செய்வாங்க?” சார் சிரித்தார். “மத்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு நம்பர் போடு. களை வந்து கோவிச்சுக்கவா போகுது?”

“போட மாட்டேன். நீங்க பிடுங்கச் சொன்னீங்கன்னு தீசிஸ்ல எழுதுவேன்.”

சிரிப்பு நின்றது. “நான் கையெழுத்துப் போட மாட்டேன். உங்க வீட்டுல முதல்ல படிக்க வந்தவ நீ. வீட்டுல கேட்டுட்டு வந்து பேசு.”

“இதுல யோசனை சொல்ல எங்க வீட்டுல ஆளில்ல சார். நானேதான் முடிவு பண்ணணும். பண்ணிட்டேன்.”

வெளியே வந்தேன். வராந்தாவில் யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தீசிஸில் அந்த வரியை எப்படித் தொடங்குவது என்பது மட்டும்தான் மிச்சம்.