பச்சைச் செதில்

மற்றவர்கள் மசக்கையில் மாங்காய்க்கும் சாம்பலுக்கும் அலைவார்கள். வடிவின் நாக்கு, அந்தப் பழைய வீட்டின் சன்னல் கம்பியில் உரிந்து நின்ற பச்சைப் பெயிண்டைத்தான் கேட்டது. அது இனித்தது. ஒருநாள் மாமியார் ஆவுடையம்மாள் பார்த்துவிட்டாள். வடிவு வெட்கத்தில் வாயைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் திட்டவில்லை. "வயித்துப்புள்ளல்லா கேக்கு. இல்லன்னு சொல்லப்படாது" என்றவள், மறுநாளிலிருந்து தானே செதில்களைச் சுரண்டிக் குங்குமச் சிமிழில் போட்டுக் கொடுத்தாள். மகனுக்குத் தெரியாது.

ஏழாம் மாதத்திலும் வடிவுக்கு இருந்த ரத்தச்சோகை தீரவில்லை. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா போனில் கூப்பிட்டாள். கணவன் சங்கரலிங்கம் ஸ்பீக்கரைப் போட்டான்.

"ரத்தத்துல காரீயம் இருக்கு. பழைய பெயிண்ட்ல இருக்கிற விஷம் அது, பிள்ளையோட மூளையைப் பாதிக்கும். பெயிண்ட் எதையும் வாயில போட்டீங்களா வடிவு?"

"அவ என்ன பச்சப்புள்ளையா டாக்டர்?" என்று சிரித்த சங்கரலிங்கம், மனைவியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "சொல்லேன்ட்டி."

வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். சற்றுமுன் வைத்த செதில் நாக்குக்கு அடியில் ஊறிக்கொண்டிருந்தது.

ஆவுடையம்மாள் எழுந்து வந்தாள். சிமிழை நீட்டிய அதே கையைக் குவித்து மருமகளின் தாடைக்குக் கீழே பிடித்தாள்.

"துப்பிரு தாயி."

வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது, இன்னும் கொடு என்பதுபோல. வடிவு உதட்டை இறுக்கிக்கொண்டாள்.