பரவிய குரல்

"வரிசையை விட்டு வெளியே வாங்க. ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

தையல்காரி தன் கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள். தடுப்பூசி முகாமே திரும்பிப் பார்த்தது.

"சட்டைக்கையைக்கூட மடிச்சாச்சு, இப்பப் போய்..." என்று முனகினார் அவர்.

"அந்தம்மா சொல்றது நியாயந்தான்" என்றார் ஒருவர்.

"ஆஸ்பத்திரியில படுக்கை கிடைக்காம அலையும்போது தெரியும் நியாயம்!" என்று சீறினாள் பின்னால் நின்றவள்.

படிவம் எழுதிக்கொண்டிருந்த தன்னார்வலர் எழுந்து வந்தார். முகக்கவசத்துக்குள் அவர் குரல் கரகரத்தது. "அவர் போட்டுக்கட்டும்மா. விடுங்க."

"முதல்ல இதைக் கேளுங்க." தையல்காரி போனை நீட்டினாள். ஊசி ஆபத்து என்று ஓர் ஆண்குரல் கணீரென்று முழங்கியது. "எவ்வளவு தெளிவாப் பேசுறார்! உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"முழுசாக் கேட்டீங்களா?"

"பாதியிலேயே புரிஞ்சுபோச்சு."

"கடைசிவரை ஓட விடுங்கம்மா."

ஓடவிட்டாள். முடிவில் ஒரு பெண்குரல் செல்லமாகக் கடிந்தது: "போதும், தண்ணியைக் குடிங்க. நீங்க சொல்லிட்டீங்கல்ல, நான் போட்டுக்க மாட்டேன்."

தன்னார்வலர் கண்களை மூடிக்கொண்டார்.

"பேசுறது நான்தாம்மா. நோய் வந்து தொண்டை இப்படி ஆயிடுச்சு. நான் பொழைச்சுட்டேன். என் மனைவி பொழைக்கலை."

தையல்காரியின் பிடி தளர்ந்தது. கணவர் வரிசைக்குத் திரும்பினார். பின்னாலேயே அவளும் போய் நின்றாள்.

"இதை அழிச்சிடறேன் சார்."

"அழிச்சிடுங்க. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை அனுப்புங்கம்மா. ஆத்திரத்துல என் போன்ல இருந்ததை அழிச்சுட்டேன். அவ குரல் எங்கிட்ட வேற எதுலயும் இல்ல."