சொக்கிப்போன டிராகன்

வேந்தனை உச்சந்தலையிலிருந்து முதுகுவரை ஒற்றை விரலால் தடவிக்கொடுத்தார் அவர்.

வேந்தன் மெல்லக் கண்ணை மூடியது.

“பாத்தீங்களா டாக்டர்?” என்றார். “எப்படிச் சொக்கிப் போறான்!”

டாக்டர் ஜெசிந்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வேந்தன் ஒரு வாட்டர் டிராகன். பச்சை உடம்பு. பிடரியில் முள்வரிசை. உடம்பைவிட நீண்ட வால். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் ஓணான் என்பார்கள். வளர்ப்பவர் விடமாட்டார். டிராகன் என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் காபி வரும்.

இப்போது அது பச்சையாகவும் இல்லை. நனைந்த அட்டைப்பெட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது. சாப்பிட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. உயிருள்ள வெட்டுக்கிளி மூக்குக்கு நேரே நடைபழகினாலும் கண்டுகொள்வதில்லை.

பக்குவம் என்று வீட்டில் விளக்கம் சொல்லியிருந்தார்.

“டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்து பக்குவப்படட்டுங்க” என்று மனைவி பிரமிளாதான் பெட்டியில் ஈரத்துண்டை விரித்தாள்.

அவருக்கு டாக்டர் தேவைப்படவில்லை. உடம்பைப் படிப்பதுதான் அவர் தொழிலே. கம்பெனி கம்பெனியாகப் போய் உடல்மொழி வகுப்பு எடுப்பவர். கையைக் கட்டினால் என்ன, காதைத் தொட்டால் என்ன, காலை ஆட்டினால் என்ன, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதவுரை உண்டு. வகுப்பு முடியும்போது வேந்தன் தோளில் ஏற்றப்படும். அவர் தடவுவார். அது கண்ணை மூடும். “நம்பிக்கைன்னா இதுதான்” என்பார். மொத்த ஹாலும் எழுந்து நின்று கைதட்டும்.

“தொட்டிய எங்க வச்சிருக்கீங்க?” என்றார் டாக்டர்.

“ஹால்ல. டி.வி. பக்கத்துல. நாலு பக்கமும் கண்ணாடி.”

“உள்ள கிளை, இலையெல்லாம்?”

“எடுத்துட்டேன். தலைவனுக்கு எதுக்கு டாக்டர் மறைப்பு?”

டாக்டர் அதன் மூக்கைக் காட்டினார். நுனி தேய்ந்து சிவந்திருந்தது. கண்ணாடியில் முட்டி முட்டி வந்த புண்.

“அது தேடல்” என்றார் அவர்.

பிரமிளா வாயைத் திறந்தாள். “இவர் வெளியூர் போனா நல்லாத்தான் இருக்கு டாக்டர். கண்ணு முழுசாத் திறந்திருக்கும். உடம்பும் பச்சையா ஆயிடும்.”

“பசலை!” அவர் மேசையைத் தட்டினார். “பிரிவு தாங்காம வர்ற நிறம். சங்க இலக்கியத்துலயே இருக்கு.”

தட்டிய சத்தத்தில் வேந்தன் இன்னும் இறுக்கிக் கண்ணை மூடியது.

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

“சார், அது சொக்கல. ஓட வழியில்லைன்னா கண்ணை மூடிக்கும். எதிர்ல நீங்க இல்லைன்னு வச்சுக்கும்.”

டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்துக்கொண்டார்.

“இப்படியே போனா பிழைக்காது. தொட்டிய உள் ரூமுக்கு மாத்துங்க. உயரமா ஒரு கிளை. நிறைய இலை. முங்கி எழ தண்ணி. தோள்ல ஏத்தாதீங்க, தடவாதீங்க. முன்னாடி நின்னு பேசவும் வேணாம்.”

“எத்தனை நாளைக்கு?”

“அதுவா கிட்ட வர்ற வரைக்கும்.”

“வரலைன்னா?”

“வராமயே போகலாம் சார். ஆனா சாப்பிடும்.”

மேடவாக்கத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், அடையாறு தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

சின்னப் பெண். ஏட்டுப் படிப்பு. முதலில் அந்தப் பெண் நின்ற விதமே சரியில்லை. எடை முழுவதும் இடது காலில். தன் பேச்சில் தனக்கே நம்பிக்கை இல்லாதவர்கள்தான் அப்படி நிற்பார்கள். கையுறையைக் கழற்றியது தற்காப்பு. சனிக்கிழமை ஹோட்டலில் பெரிய வகுப்பு. போஸ்டரில் அவர் படத்தைவிட வேந்தன் படம்தான் பெரிது. அதை இலைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு மேடையில் மைக்கையா தடவுவது? அன்புக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா அவர்? அதைச் சொல்லிக்கொடுத்துத்தானே இந்தக் காரே வாங்கினார்?

தரமணி முடிந்தது. பேச்சு முடியவில்லை.

வேளச்சேரி விஜயநகர் சிக்னலில் சிவப்பு விழுந்தது.

“நீயே சொல்லு பிரமி” என்று திரும்பினார்.

பக்கத்து இருக்கையில் பிரமிளா. மடியில் பெட்டி. காற்றுத் துளைகளில் வெயில் விழாமல் முந்தானையால் மறைத்திருந்தாள்.

அவள் கண் மூடியிருந்தது.

தூக்கமில்லை. தூங்குகிறவர்களுக்குக் கழுத்து சாயும். விரல்கள் தளரும். இவள் கழுத்து நேராக இருந்தது. விரல்கள் பெட்டியை இறுக்கிப் பிடித்திருந்தன. இதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அடுத்த வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. நல்ல வாக்கியம். எந்த ஹாலிலும் கைதட்டல் வாங்கும்.

விழுங்கினார்.

பச்சை விழுந்தது. வண்டியை எடுக்க ஒரு நொடி தாமதம். பின்னாலிருந்த ஷேர் ஆட்டோக்காரர் ஏதோ சொல்லித் திட்டிவிட்டு முந்திப் போனார். அந்த ஆட்டோக்காரர் தலையை ஆட்டிய விதத்தைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது.

அதையும் விழுங்கினார்.

காருக்குள் ஏ.சி. சத்தம் கேட்டது. இந்த வண்டியில் ஏ.சி. இவ்வளவு சத்தம் போடும் என்று அவருக்குத் தெரியாது.

மேம்பாலம் ஏறி இறங்கினார்கள்.

பிரமிளா கண்ணைத் திறந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி அவசரமாகப் பார்த்தாள்.

“பேச்சு நின்னுடுச்சே, வீடு வந்துடுச்சாங்க?”

இன்னும் பாதி தூரம் இருந்தது.

அதைக்கூட அவர் சொல்லவில்லை.